நான்காம் கட்டம்

வியாழக்கிழமை மூன்றரை மணி டவுன் பஸ்ஸில்
காரைக்குடியிலிருந்து புதுவயலுக்குப் போகிறேன்.
மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின்:
கட்டுத்துணி இரண்டு சுருள், கத்தரிக்கோல்,
தீப்புண் களிம்பு, சபை கொடுத்த குறிப்பேடு.

குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள்.
தேதி. இடம். சந்தித்த நபர். ஜெபித்தவர்.
நான்காவதில் ஓராண்டாக
என் பெயரையே எழுதி வருகிறேன்:
கிருபாவதி, கிருபாவதி, கிருபாவதி.
பாதி பொய்.

கல்லறைச் சுவர் வழக்கில் சபை இரண்டாகி
கிழக்கு வாசல்காரர், மேற்கு வாசல்காரர் என்று
ஒரே ஆண்டவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்த நாளிலிருந்து
முழங்காலில் நின்றால் முழங்கால் வலிக்கிறது,
அவ்வளவுதான்.
சொற்கள் வருகின்றன, தவிடு போல.
வாய் நிறைகிறது, வயிறு நிறைவதில்லை.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
ஊழியத்துக்குப் போகிறவள் சொல்லலாமா?

ரைஸ் மில் வாசலில் அடைக்கலம் மேஸ்திரி
"மருந்தக்கா வந்தாச்சு" என்று உள்ளே குரல் கொடுப்பார்.
களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருக்கும்.
தொட்டியிலிருந்து ஆவி எழுந்து
தகரக் கூரைவரை போய்க் கலையும்.
ஆவியானவரைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறேன்!
இங்கே அந்தச் சொல்லுக்கு
ஊறிய நெல்லின் புளித்த வாடை.

அன்று லக்கிந்தர் சுவரோரம் காலை நீட்டிக் கிடந்தார்.
ஜார்க்கண்டில் அவர் ஊர்ப் பெயரை
மூன்று முறை சொல்லியும் என் வாயில் நுழையவில்லை.
பாய்லருக்குப் பின்னால் கொட்டிய உமிச் சாம்பலில்
கால் வைத்துவிட்டாராம்.
மேலே ஆறிக் கறுத்துத்தான் கிடக்கும்,
உள்ளே இரண்டு நாளானாலும் கனல் போகாது.
"புதுசா வர்றவனுக்குத் தெரியாதுக்கா" என்றார் அடைக்கலம்.
நான் எத்தனையோ மாதமாய் வருகிறேன்.
எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

குதிகாலை மடியில் வைத்துக் கழுவினேன்.
தோல் வெங்காயச் சருகாய்ச் சுருண்டு வந்தது.
பல்லைக் கடித்தாரே தவிர சத்தமில்லை.
கட்டுப் போட்டு முடித்து
வழக்கம்போல் கண்ணை மூடினேன்.

ஒன்றும் வரவில்லை.
தவிடுகூட.

குதிகாலைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.
இதுவும் எங்கள் மார்க்கத்தின் முறை என்று நினைத்தாரோ என்னவோ
அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.
பக்கத்துக் கொட்டகையில் யாரோ செல்போன் பாட்டை நிறுத்தினார்கள்.
சோறு வடித்துக்கொண்டிருந்த பெண்
வடிதட்டைக் கீழே வைத்தாள்.
மில்லின் பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு லக்கிந்தர் பேசினார்.
மெல்ல, தரையைப் பார்த்து,
வட்டிக் கடையில் தவணை கேட்கிற குரலில்.
யாரிடம் பேசினார், அவர் ஊரில் எந்த மரத்தடியில் இருப்பவரிடம்,
தெரியாது.
நடுவில் இரண்டு முறை "மருந்தக்கா" என்றார்.
அது மட்டும்தான் புரிந்தது.
என் பெயரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

அவர் நிறுத்திய இடத்தில்
என் வாயிலிருந்து "ஆமென்" வந்தது.
நான் அழைக்காமல்,
சூடாக.

கண்டனூர் தாண்டும்போது குறிப்பேட்டைத் திறந்தேன்.
பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணியது.
சந்தித்த நபர்: கிருபாவதி.
ஜெபித்தவர்: லக்கிந்தர்.

போதகர் சிவப்பு மையில் சுழித்து
"பிழை, திருத்தவும்" என்று எழுதி அனுப்பினார்.
மேற்கு வாசல்காரர் இருவர் அதற்காகவே வீட்டுக்கு வந்தார்கள்.
மறுநாள் கிழக்கு வாசல்காரர்.
இந்த ஒன்றில் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து.
காப்பி கொடுத்தேன்.
திருத்தவில்லை.

வழக்கு இன்னும் தேவகோட்டைக் கோர்ட்டில் இருக்கிறது.
லக்கிந்தரை வேறு மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள்,
எங்கே என்று அடைக்கலத்துக்கும் தெரியவில்லை.
அந்தச் சுவரோரத்தில் இப்போது ஒரு பையன்,
உள்ளங்கையில் பெல்ட் கிழித்த காயம்,
பெயர் கேட்டால் சிரிக்கிறான்.
களிம்பு தீர்ந்துபோயிற்று.
பஸ் ஏறுமுன் வாங்க வேண்டும்.